பக்கத்தின் நிலை எங்கே எழுதப்படுகிறது? எச்.டி.எம்.எல். பண்புக்கூறுகளும் தமிழ் விக்கிப்பீடியாவின் கைப்பேசிப் பக்கமும்: ஒரு மதிப்பீடு

இடைமுக நிலை என்பது, ஒரு வலைப்பக்கம் குறிப்பிட்ட ஒரு நொடியில் எப்படி இருக்கிறது என்பதாகும். பட்டி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா. கட்டத்தில் குறி இடப்பட்டுள்ளதா. பொத்தான் அழுத்தத்தக்கதாக உள்ளதா, முடக்கப்பட்டுள்ளதா. கட்டுரையின் இரண்டாம் பகுதி விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பனவெல்லாம் நிலைகளே. இந்நிலைகளை நிரல் வரிகளில் ஒளித்து வைக்காமல், எச்.டி.எம்.எல். ஒட்டின் பண்புக்கூறாகவே வெளிப்பட எழுதும் முறை 'அறிவிப்பு முறை' எனப்படும். இக்கட்டுரை அம்முறையின் நிறைகுறைகளை, நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தமிழ் விக்கிப்பீடியாவின் கைப்பேசிப் பக்கத்தைச் சான்றாகக் கொண்டு மதிப்பிடுகிறது.

கோவையில் இருந்து எழுதுபவர்களுக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அம்மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தரங்களாக ஏற்றது. அன்றைய கேள்வி, தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியுமா என்பது. அக்கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இன்று எழுத்து தெரிகிறது. ஆனால் பட்டி திறப்பதில்லை, படிவம் போவதில்லை, தேடிய சொல் மறைந்த பகுதிக்குள் கிடக்கிறது. எழுத்துச் சிக்கலுக்குக் காட்டிய கவனத்தை நாம் நிலைச் சிக்கலுக்குக் காட்டவில்லை.

நிலையும் அதன் அடையாளமும்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணற்று மோட்டாருக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பெட்டியில் ஒரு சிறு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடுகிறது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அனுபவப்பட்ட விவசாயி அப்படி நம்பமாட்டார். வாய்க்காலில் தண்ணீர் விழுகிறதா என்று போய்ப் பார்ப்பார். ஏனெனில் விளக்கு காட்டுவது மின்சாரம் வந்திருப்பதை மட்டுமே. மோட்டாரின் நிலை வேறு, விளக்கின் நிலை வேறு. இரண்டும் ஒத்துப்போகும் நாள்களே அதிகம் என்பதால்தான், ஒத்துப்போகாத நாளில் பயிர் காய்கிறது.

வலைப்பக்கத்திலும் இதே சிக்கல்தான். ஒரு பட்டி திறந்திருக்கிறது என்ற செய்தி, நிரலின் மாறி ஒன்றில் ஓர் இடத்திலும், திரையில் தெரியும் வடிவில் இன்னோர் இடத்திலும், திரைபடிப்பானுக்குச் சொல்லப்படும் குறிப்பில் மூன்றாம் இடத்திலும் எழுதப்படுகிறது. மூன்றையும் நிரலர் கையால் ஒத்திசைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் கண்ணுக்குத் திறந்த பட்டி, பார்வையற்றவரின் காதுக்கு மூடியதாகக் கேட்கும்.

நிலையை ஒரே இடத்தில் எழுதி, மற்றவை அதிலிருந்தே பெறப்பட வேண்டும் என்பதே அறிவிப்பு முறையின் அடிப்படை. 'டீடெய்ல்ஸ்' என்ற ஒட்டில் 'ஓப்பன்' என்ற பண்புக்கூறு இருந்தால் அப்பகுதி விரிந்திருக்கும், இல்லையென்றால் சுருங்கியிருக்கும். திரைக்கும் திரைபடிப்பானுக்கும் விசைப்பலகைக்கும் அந்த ஒரே சொல்தான் ஆதாரம். நிரலர் தனியாக விளக்கு மாட்டுவதில்லை.

கட்டளையிலிருந்து அறிவிப்புக்கு

1995-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக ஜாவாஸ்கிரிப்ட் உருவானது. அதன்பின் பக்கத்தின் நடத்தையெல்லாம் கட்டளைகளாகவே எழுதப்பட்டது: இந்தப் பொத்தானைக் கண்டுபிடி, அழுத்தினால் அந்தப் பெட்டியைக் காட்டு, மறுபடி அழுத்தினால் மறை. 2006-இல் வந்த ஜேக்வெரி இந்தக் கட்டளைகளைச் சுருக்கமாக எழுத வைத்தது, முறையை மாற்றவில்லை. 2010-இல் நாக்அவுட், ஆங்குலர்ஜேஎஸ் ஆகியவை வந்தன. இந்தப் பெட்டி இந்த மதிப்பைக் காட்டும் என்று பண்புக்கூறிலேயே எழுதிவிட்டால், மதிப்பு மாறும்போது பெட்டி தானாக மாறும் என்ற வழக்கத்தை அவை பரப்பின. 2013-இல் வெளியான ரியாக்ட், இடைமுகம் என்பது நிலையின் விளைவு என்ற எண்ணத்தைப் பொதுவாக்கியது.

அதே காலத்தில் எச்.டி.எம்.எல். மொழியே வளர்ந்தது. இது பலர் கவனிக்காத வரலாறு. டீடெய்ல்ஸ் ஒட்டு 2011-இல் குரோமிலும் 2016-இல் ஃபயர்ஃபாக்சிலும் வந்து, 2020-இல் எட்ஜ் உலாவியும் ஏற்றபின் முழுப் பரவல் அடைந்தது. 'டயலாக்' ஒட்டு 2014-இல் குரோமில் தொடங்கி 2022-இல்தான் ஃபயர்ஃபாக்சுக்கும் சஃபாரிக்கும் போய்ச் சேர்ந்தது. 'பாப்ஓவர்' பண்புக்கூறு 2023, 2024 ஆண்டுகளில் மூன்றிலும் வந்தது. ஒரு வசதி எல்லா உலாவிக்கும் சேர எட்டு, ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இடைப்பட்ட காலத்தில் பக்கம் அமைத்தவர்கள் சும்மா காத்திருக்க முடியாது. அவர்கள் கண்ட குறுக்குவழிகள் இன்றும் நம் பக்கங்களில் தங்கியிருக்கின்றன.

கட்டளை முறைக்கும் அறிவிப்பு முறைக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊர்த் தறியில் பார்க்கலாம். ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியில், எந்தப் பாவு நூல் எப்போது எழ வேண்டும் என்பதை அட்டையில் உள்ள துளைகள் சொல்கின்றன. நெசவாளர் மிதிக்கிறார், பூ விழுகிறது. அட்டையைப் பார்த்தே பூவைச் சொல்லக்கூடியவர்கள் உண்டு. அறிவிப்பு முறையில் எழுதிய பக்கமும் அவ்வாறே. இயக்கிப் பார்க்காமலே, படித்தே இது என்ன செய்யும் என்று சொல்ல முடியும். மாணவருக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவின் கைப்பேசிப் பக்கம்

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதன் கைப்பேசிப் பதிப்பை நடத்துவது மீடியாவிக்கி மென்பொருளின் மொபைல்ஃபிரன்ட்எண்ட் என்ற நீட்சியும் மினர்வா என்ற தோற்றமும். நீண்ட கட்டுரை கைப்பேசியில் அடங்காது என்பதால், முன்னுரைக்குப் பின்வரும் பகுதிகளைச் சுருக்கி, தலைப்புகளை மட்டும் காட்டுவது இந்நீட்சி பல ஆண்டுகளாகப் பின்பற்றிவரும் முறை. தலைப்பைத் தொட்டால் பகுதி விரியும்.

இதில் முதலில் பாராட்ட வேண்டியது, ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவியில் எல்லாப் பகுதிகளும் விரிந்தே கிடைக்கும் என்பது. பழைய போனில் படிப்பவருக்கும் கட்டுரை முழுதாகக் கிடைக்கும். பழுதானால் திறந்தபடி பழுதாக வேண்டும் என்ற இந்தக் கொள்கையை நான் இக்கட்டுரை முழுவதும் அளவுகோலாகக் கொள்கிறேன். பள்ளிக் கதவின் பூட்டு கெட்டுப்போனால், பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்ளும் விதமாகக் கெடக் கூடாது.

இரண்டாவது, தேடல். ஒரு மாணவி 'நொய்யல்' என்ற சொல்லைக் கோயம்புத்தூர்க் கட்டுரையில் உலாவியின் 'பக்கத்தில் தேடு' வசதியால் தேடுகிறாள் என்று கொள்வோம். அச்சொல் சுருங்கிய பகுதிக்குள் இருந்தால், பழைய முறையில் உலாவி இல்லை என்றே சொல்லும். கட்டுரையில் இருக்கும் செய்தியை இல்லை என்று சொல்வது கலைக்களஞ்சியத்துக்குப் பெரிய குறை. 2022-இல் குரோம் உலாவியில் 'ஹிட்டன்' பண்புக்கூறுக்கு 'அண்டில்-ஃபவுண்ட்', அதாவது 'கண்டுபிடிக்கப்படும்வரை' என்ற மதிப்பு சேர்க்கப்பட்டது. மறைந்த பகுதியில் சொல் அகப்பட்டால் உலாவியே அப்பகுதியைத் திறந்துவிடும். மொபைல்ஃபிரன்ட்எண்ட் இதை ஏற்றுக்கொண்டது. பண்புக்கூறின் ஒரே மதிப்பு, நூற்றுக்கணக்கான நிரல் வரிகளால் செய்ய முடியாததைச் செய்தது. ஏனெனில் உலாவியின் தேடல் பெட்டிக்குள் பக்கத்தின் நிரல் நுழைய முடியாது, பண்புக்கூறு நுழையும். அம்மதிப்பை அறியாத உலாவியோ அதைச் சாதாரண ஹிட்டன் என்றே கொள்ளும். பழைய நிலைமையைவிட மோசமாகாது.

மூன்றாவது, வாசகரின் விருப்பங்கள். இருண்ட தோற்றம் வேண்டும், எழுத்து பெரிதாக வேண்டும் என்று வாசகர் தேர்ந்தால், பக்கத்தின் உச்சியில் உள்ள எச்.டி.எம்.எல். ஒட்டின் 'கிளாஸ்' பண்புக்கூறில் ஒரு சொல் மாறுகிறது. அந்த ஒரு சொல்லைப் பார்த்து முழுப் பக்கமும் தன் நிறத்தையும் அளவையும் வகுத்துக்கொள்கிறது. நிலையை ஓரிடத்தில் எழுதுவது என்பதற்கு நல்ல பாடம் இது.

குறைகளும் உண்டு. பகுதிகள் சுருங்குவது நிரலின் வேலையாகவே இருப்பதால், முதன்மை நிரல் வந்து சேரும் முன் வாசகர் தலைப்பைத் தொட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்காகப் பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு தற்காலிக நிரல் வைக்கப்பட்டது. வலை மெதுவாக உள்ள ஊர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு என்பதால் அதை மதிக்கிறேன். ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு நிரல்கள் தேவைப்பட்டன என்பதே, நிலை தன் சரியான இடத்தில் இல்லை என்பதற்கு அடையாளம். டீடெய்ல்ஸ் ஒட்டாக இருந்தால் இந்த இடைவெளியே இருந்திருக்காது.

அப்படியானால் ஏன் டீடெய்ல்ஸ் ஒட்டையே பயன்படுத்தவில்லை என்று கேட்கலாம். நியாயமான தடைகள் உள்ளன. தலைப்பை 'சம்மரி' ஒட்டுக்குள் வைத்தால், சில திரைபடிப்பான்கள் அதைப் பொத்தான் என்று மட்டும் சொல்லி, தலைப்பு என்பதை விட்டுவிடுகின்றன. பார்வையற்ற வாசகர்கள் நீண்ட கட்டுரையில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவியே படிப்பதால் அது பெரிய இழப்பு. தலைப்பின் பக்கத்தில் 'தொகு' இணைப்பும் இருக்கிறது. சொடுக்கத்தக்க ஒன்றுக்குள் சொடுக்கத்தக்க இன்னொன்றை வைப்பது குழப்பம் தரும். ஆகவே விக்கிப்பீடியாவின் தேர்வு அறியாமையால் வந்ததன்று. மொழி கொடுத்த கருவி அந்த வேலைக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்பதே உண்மை.

இன்னொரு குறை, பண்புக்கூறைப் பற்றியதன்று, முடிவைப் பற்றியது. கணினித் திரையில் கட்டுரைகளின் அடியில் வரும் வழிகாட்டிப் பெட்டிகள் கைப்பேசிப் பதிப்பில் வருவதில்லை. தமிழக ஆறுகள், மாவட்டங்கள் என்று தொகுப்பாளர்கள் உழைத்துச் செய்த பெட்டிகளைக் கைப்பேசியில் மட்டும் படிக்கும் மாணவர்கள் பார்ப்பதே இல்லை. சுருக்கி வைப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. சுருக்கியது ஒரு நிலை. வாசகர் அதை மாற்றலாம். இல்லாததை யாரும் மாற்ற முடியாது.

வேடமிட்ட தேர்வுக்கட்டம்

மினர்வாவில் மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டால் பட்டி வருகிறது. அந்தப் பட்டிக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு தேர்வுக்கட்டம். கட்டத்தில் குறி இருந்தால் பட்டி தெரிய வேண்டும், இல்லையென்றால் மறைய வேண்டும் என்று சி.எஸ்.எஸ். விதி எழுதப்பட்டிருக்கிறது. கணினிப் பதிப்பின் வெக்டர் தோற்றத்திலும் இதே உத்தி உண்டு. மீடியாவிக்கி மென்பொருளுக்குள் இதற்கென்றே ஒரு நிரல் தொகுதியும் இருக்கிறது.

இவ்வுத்தியின் நிறை தெளிவு: ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் பட்டி திறக்கும். குறை என்னவென்றால், பொருள் பிறழ்கிறது. தேர்வுக்கட்டம் என்பது 'ஆம், இல்லை' என்று வாசகர் விடை சொல்லும் இடம். அதைக் கதவின் தாழ்ப்பாளாக்கியபின், இது கட்டமல்ல, பொத்தான் என்று திரைபடிப்பானுக்குத் தனியாக ஒரு பண்புக்கூறால் சொல்ல வேண்டியிருக்கிறது. பொத்தான் என்று சொன்னபின், பொத்தானைப் போல 'என்டர்' விசைக்கும் திறக்க வேண்டும். கட்டம் அப்படித் திறக்காது. ஆகவே அதற்கு நிரல். வெளியே தொட்டால் மூட வேண்டும், அதற்கும் நிரல். நிரலைத் தவிர்க்க வந்த உத்தி, நிரலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. மேலும் சில உலாவிகள் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது கட்டங்களின் குறிகளை நினைவில் வைத்துக்கொள்ளும்; விடைத்தாளுக்கு அது நன்மை, தாழ்ப்பாளுக்கு அது தொல்லை. இவ்வுத்தியைக் கையாளும் எந்தப் பக்கமும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பாப்ஓவர் பண்புக்கூறு இந்த வேடத்தைக் கலைக்கும். பட்டியில் ஒரு பண்புக்கூறு, பொத்தானில் ஒரு பண்புக்கூறு. திறப்பதும், வெளியே தொட்டால் மூடுவதும், 'எஸ்கேப்' விசைக்கு மூடுவதும் உலாவியின் பொறுப்பு. அதை அறியாத பழைய உலாவியில் பட்டி மறையாமல் வெளியே தெரியும். பார்க்க அழகாக இராது. ஆனால் இணைப்புகள் வேலை செய்யும். இதுவும் திறந்தபடி பழுதாவதுதான்.

பண்புக்கூறின் இலக்கணம்

இனி இம்முறையின் உட்குறையைச் சொல்ல வேண்டும். எச்.டி.எம்.எல். பண்புக்கூறுகளுக்கு ஒரே இலக்கணம் இல்லை.

ஹிட்டன், டிசேபிள்டு, செக்டு, ஓப்பன் போன்றவை இருத்தலால் பொருள் தருபவை. ஒட்டில் இருந்தால் உண்டு; இல்லாவிட்டால் இல்லை. 'டிசேபிள்டு' என்று எழுதி, அதற்கு 'பொய்' என்ற பொருள்படும் 'ஃபால்ஸ்' மதிப்பைக் கொடுத்தாலும் பொத்தான் முடங்கியே இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளியை நினைத்துக்கொள்ளலாம். புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். புள்ளியைச் சிறிதாக வைத்தாலும், சற்று தள்ளி வைத்தாலும் அது மெய்தான்.

'ஏரியா-எக்ஸ்பேண்டட்' போன்றவையோ மதிப்பால் பொருள் தருபவை. அங்கே 'ஃபால்ஸ்' என்றால் சுருங்கியிருக்கிறது என்றே பொருள். அப்பண்புக்கூறே இல்லையென்றால், விரியும் தன்மையே இல்லாத பொருள் என்று பொருள். இரண்டு இலக்கணங்களும் ஒரே வரியில் அடுத்தடுத்து வரும். மாணவர் தடுமாறினால் அது அவர் குறையன்று.

மூன்றாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. டீடெய்ல்ஸ் ஒட்டை வாசகர் திறந்தால், ஓப்பன் பண்புக்கூறு உண்மையாகவே பக்கத்தில் சேர்கிறது, மூடினால் நீங்குகிறது. ஆனால் தேர்வுக்கட்டத்தில் வாசகர் குறியிட்டால் செக்டு பண்புக்கூறு மாறுவதில்லை. அது தொடக்க நிலையை மட்டுமே சொல்வது. இப்போதைய நிலை உலாவியின் நினைவில் வேறாக இருக்கிறது. பாப்ஓவரோ, திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பண்புக்கூறில் எந்த மாற்றமும் காட்டாது, சி.எஸ்.எஸ். வழியாக மட்டுமே அதன் நிலையை அறியலாம். ஆக, படித்தாலே நிலை தெரியும் என்ற அறிவிப்பு முறையின் வாக்குறுதி ஓரிடத்தில் முழுதாகவும், ஓரிடத்தில் பாதியாகவும் காப்பாற்றப்படுகிறது. ஸ்டார்ட்டர் விளக்கின் சிக்கல் மொழிக்குள்ளேயே இருக்கிறது. இதை மறைத்து, பண்புக்கூறு எளிது என்று மட்டும் கற்பிப்பது சரியன்று.

தமிழ் வாசகருக்குக் கிடைப்பது

இத்தனை குறைகளுக்குப் பின்னும் நான் அறிவிப்பு முறையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் மொழி.

ஒரு படிவத்தில் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமாக்க 'ரிக்வயர்டு' என்ற பண்புக்கூறு போதும். வாசகர் அதை வெறுமையாக விட்டால் உலாவியே எச்சரிக்கும். உலாவி தமிழ் இடைமுகத்தில் இருந்தால் எச்சரிக்கையும் தமிழில் வரும். குரோமுக்கும் ஃபயர்ஃபாக்சுக்கும் தமிழ் இடைமுகம் உண்டு. அதையே நிரலால் செய்தால், நிரலர் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரிதான் வரும். முழுவதும் தமிழில் உள்ள பக்கத்தில் எச்சரிக்கை மட்டும் ஆங்கிலத்தில் எழுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

திரைபடிப்பானும் அவ்வாறே. என்விடிஏ என்ற கட்டற்ற திரைபடிப்பானுக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. பக்கம் தன் நிலையைப் பண்புக்கூறில் சொன்னால், விரிந்தது, சுருங்கியது என்பதை வாசகரின் மொழியில் சொல்வது அக்கருவியின் வேலை. பக்கம் எழுதியவர் ஒரு சொல்லும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 'லாங்' பண்புக்கூறில் தமிழ் என்று அறிவித்திருந்தால் தமிழ்க் குரலுக்கு மாறுவதற்கும் அதுவே வழி. தமிழ் போன்ற, நிரலர்களின் கவனம் குறைவாகக் கிடைக்கும் மொழிகளுக்கு இது பெரிய லாபம். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் தமிழாக்கப்படும் வரை நாம் காத்திருக்க முடியாது. உலாவி ஒருமுறை தமிழாக்கப்பட்டால் எல்லாப் பக்கங்களுக்கும் அது உதவும்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். உதவித்தொகைக்கான ஓர் இணையப் படிவத்தில், சமர்ப்பிக்கும் பொத்தான் தொடக்கத்திலேயே டிசேபிள்டு என்று எழுதப்பட்டிருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரம்பியபின் நிரல் அதை விடுவிக்க வேண்டும். பவானிக்கு அருகில் ஒரு சிற்றூரிலிருந்து விண்ணப்பித்த மாணவருக்கு அந்த நிரல் கோப்பு முழுதாக இறங்கவில்லை. எல்லாம் நிரப்பியும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. என்ன தவறு செய்தோம் என்று அவர் தன் பெயரையும் மதிப்பெண்ணையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். இங்கேயும் பயன்பட்டது பண்புக்கூறுதான். ஆனால் மூடியபடி பழுதாகும் விதத்தில் அது எழுதப்பட்டிருந்தது. பண்புக்கூறு என்பதாலேயே ஒரு பக்கம் நல்லதாகிவிடாது. தொடக்க நிலையைத் தேர்பவரின் பொறுப்பு அது.

பண்புக்கூறுக்குள் நிரல்

அண்மை ஆண்டுகளில் பண்புக்கூறுகளை நீட்டிக்கும் நூலகங்கள் வந்துள்ளன. இவற்றுள் ஆல்பைன், எச்.டி.எம்.எக்ஸ். ஆகிய இரண்டும் பரவலாகப் பேசப்படுபவை. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆல்பைனில், பண்புக்கூறின் மேற்கோள் குறிகளுக்குள் ஜாவாஸ்கிரிப்ட் எழுதப்படுகிறது. 'திறந்தது: பொய்' என்று ஒரு பண்புக்கூறில் நிலையை அறிவித்து, பொத்தானின் பண்புக்கூறில் அதைப் புரட்டும் கட்டளையை எழுதலாம். சிறு வேலைக்கு வசதிதான். ஆனால் வேலை வளர வளர, பண்புக்கூறு ஒரு முழு நிரலைச் சுமக்கத் தொடங்குகிறது. பெயர் அறிவிப்பு, உள்ளே கட்டளை. பண்புக்கூறில் உள்ள எழுத்தை நிரலாக இயக்குவதால், கடுமையான பாதுகாப்புக் கொள்கை உள்ள தளங்களில் இதன் வழக்கமான பதிப்பு ஓடாது. அதற்கென வேறு பதிப்பு வேண்டும். இன்னொன்று, நிரல் வரும்வரை பக்கம் அலங்கோலமாகத் தெரியாமலிருக்க 'எக்ஸ்-குளோக்' என்ற பண்புக்கூறால் பகுதிகளை மறைத்து வைக்கும் வழக்கம். நிரல் வராவிட்டால் அப்பகுதி மறைந்தே போகும். மேலே சொன்ன சாம்பல் பொத்தானின் உறவுதான் இது.

எச்.டி.எம்.எக்ஸ். வேறு வகை. நிலையைப் பெரும்பாலும் வழங்கியிடமே விட்டுவிட்டு, எந்த முகவரியிலிருந்து எந்தப் பகுதியைப் பெற்று எங்கே வைப்பது என்பதை மட்டும் பண்புக்கூறில் எழுதச் சொல்கிறது. அதன் 'பூஸ்ட்' பண்புக்கூறைச் சாதாரண இணைப்புகளுக்கு மேல் போடலாம். நூலகம் வராவிட்டால் இணைப்பு தன் பழைய வழியிலேயே பக்கத்தைத் திறக்கும். என் அளவுகோலில் இது உயர்ந்து நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு தொடுகைக்கும் வழங்கியைக் கேட்டால், வலை விட்டுவிட்டு வரும் ஊரில் பட்டி திறப்பதற்கே காத்திருக்க நேரும். திறப்பதும் மூடுவதும் உலாவியின் வேலை. செய்தி கொண்டுவருவதே வழங்கியின் வேலை. இந்த எல்லையைக் கடக்கும்போது அதுவும் குறைபடுகிறது.

எல்லாவற்றுக்கும் பண்புக்கூறு போதும் என்று சொல்பவர்களும் மிகையாகவே பேசுகிறார்கள். விக்கிப்பீடியாவின் காட்சித் தொகுப்பானையோ, தமிழ்த் தட்டச்சுக் கருவியையோ பண்புக்கூறுகளால் மட்டும் எழுத முடியாது. ஒவ்வொரு விசைக்கும் மாறும் நிலை அங்கே இருக்கிறது. படிக்கும் பக்கத்தையும் இயக்கும் கருவியையும் வேறுபடுத்தத் தெரிவதே திறனாய்வின் முதல் வேலை. நம் தமிழ்த் தளங்களில் பெரும்பாலானவை படிக்கும் பக்கங்கள். அவற்றைக் கருவிகளைப் போலக் கட்டுவதுதான் இன்றைய நோய்.

வகுப்பறைக்கு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மேல்நிலை முதலாம் ஆண்டின் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில், எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்ற வரிசையில் பாடங்கள் வருகின்றன. வரிசை சரியே. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் மனத்தில் ஒரு தவறான பிரிவினை பதிந்துவிடக்கூடும்: எச்.டி.எம்.எல். அசையாதது, அசைவெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் என்று. எச்.டி.எம்.எல்.-க்கே அசைவு உண்டு, நினைவு உண்டு என்பதை ஆசிரியர்கள் முதல் பாடத்திலேயே காட்டலாம். டீடெய்ல்ஸ் ஒட்டை எழுதச் சொல்லி, உலாவியின் ஆய்வுக் கருவியில் ஓப்பன் பண்புக்கூறு வருவதையும் போவதையும் பார்க்கச் சொல்லலாம். பிறகு தேர்வுக்கட்டத்தில் குறியிடச் சொல்லி, செக்டு பண்புக்கூறு ஏன் வரவில்லை என்று கேட்கலாம். ஒரு பாடவேளைக்கு அந்தக் கேள்வியே போதும்.

மாணவர்கள் தாங்கள் எழுதிய பக்கத்தையும், தாங்கள் பயன்படுத்தும் எந்தத் தமிழ்ப் பக்கத்தையும் நான்கு சோதனைகளுக்கு உட்படுத்தலாம். ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்தால் படிக்க முடிகிறதா? சுட்டியைத் தொடாமல் 'டேப்' விசையால் மட்டும் எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா? சுருங்கிய பகுதிக்குள் உள்ள சொல் பக்கத் தேடலில் அகப்படுகிறதா? அச்சிட்டால் மூடிய பகுதி தாளில் வருகிறதா? நான்காவதில் டீடெய்ல்ஸ் ஒட்டே பெரும்பாலும் தோற்கும். மூடியிருந்தால் அச்சில் வராது. குறிப்பெடுக்கப் பக்கத்தை அச்சிடும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, முதலில் விரித்துவிட்டு அச்சிட வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் கைப்பேசிப் பக்கம் முதல் சோதனையில் நன்கு தேறுகிறது. மூன்றாவதில், மதிப்பை அறிந்த உலாவியில் தேறுகிறது. இரண்டாவதில் நிரலின் துணையோடு தேறுகிறது. தமிழில் உள்ள பிற பெரிய தளங்களை இதே நான்கு சோதனைகளுக்கு உட்படுத்தி, முடிவுகளைத் தமிழிலேயே எழுதி வைப்பது கல்லூரி மாணவர்கள் எளிதில் எடுத்துச் செய்யக்கூடிய பணி. கேட்பவர் இருந்தால்தான் செய்பவர் திருத்துவார். வழிகாட்டிப் பெட்டிகளைக் கைப்பேசியில் சுருக்கியாவது காட்ட வேண்டும் என்ற கோரிக்கையோடு அந்தப் பட்டியலைத் தொடங்கலாம்.